மாதிரித் தோலுக்குள் போன கடிதங்கள்

ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். லண்டன் தரகருக்கு முதலாளி தன் கையாலேயே இங்கிலீஷில் கடிதம் எழுதுவார். அதன்மேல் ஈரமாக்கிய மெல்லிய தாளை வைத்து, இரும்பு அழுத்தியில் இறுக்கி நகல் எடுப்பது என் வேலை. மனுஷர் பேனாவைத் தொட்டால் ஒருத்தரையும் விட்டுவைக்கமாட்டார். கலெக்டர் துரைக்குத் தொப்பி மட்டும்தான் பெரிசாம். வியாபாரிகள் சங்கத் தலைவர் சபையில் புலியாம், விலை பேச உட்கார்ந்தால் ஆடாம். எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியாது.

ஒருநாள் சங்கக் கூட்டத்தில் அந்தத் தலைவரே எழுந்து கேட்டார். "நான் ஆடுன்னு சீமைக்கு எழுதனீங்களாமே? துரை தொப்பியப் பத்தியும் எழுதியிருக்கீங்க. அவர்கிட்ட சொல்லட்டுமா?" முதலாளியின் முகம் செத்துப்போயிற்று.

மண்டிக்குத் திரும்பியதும் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கடுதாசியப் பாத்தவன் நீ ஒருத்தன்தான். அவர்கிட்ட இன்னா வாங்கின? வெள்ளிக்கிழமைக்குள்ள உண்மையச் சொல்லு. இல்ல, மூட்டையக் கட்டு."

ஐயோ! காட்டிக்கொடுத்தவன் என்று பேர் வாங்கினவனை வேலூர் வரைக்கும் எந்த மண்டி சேர்க்கும்? தபால்காரரைச் சந்தேகப்பட்டேன். பங்கா விசிறி இழுப்பவரைச் சந்தேகப்பட்டேன். முதலாளியே எங்காவது உளறியிருப்பாரோ என்றும் நினைத்தேன்.

மண்டிகள் சேர்ந்து கப்பலேற்றும் சரக்கு ஒரே நிறமாக இருக்கவேண்டும் என்பதால், மாதிரித் தோலை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது வழக்கம். தலைவர் மண்டிக்கும் போகும். வியாழக்கிழமை கட்டுப்போடும் கொட்டகைக்குப் போனால், கறை ஒட்டாமலிருக்கத் தோல்களுக்கு நடுவே தாள் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் தாள்! ஈரம் ஜாஸ்தியாகிக் கெட்டுப்போனதென்று நான் கூடையில் போட்ட நகல்கள். வெளிச்சத்தில் பிடித்தேன். மை பரவியிருந்தாலும் எழுத்து நன்றாகவே தெரிந்தது. அட மடையா, ஊரையெல்லாம் சந்தேகப்பட்டாயே!

போய் ஒப்புக்கொண்டேன். முதலாளி பேனாவை எடுத்தார். பிறகு, தலைவரை வாயாரப் புகழ்ந்து ஒரு கடிதம் எழுதி நீட்டினார். "இதுக்குத் தண்ணி ஜாஸ்தியா போட்டுக் கெடு. அவருக்குப் போற மாதிரியில வை."

பத்தே நாளில் தலைவர் அத்தர் புட்டியோடு வந்து அவரைக் கட்டிக்கொண்டார். துரை விஷயம் அமுங்கியது. என் வேலையும் தப்பியது.

அடுத்த மாதம் நகலுக்கு வந்த கடிதத்தில் என்னைப் பற்றியும் எழுதியிருந்தார். இவனைப்போல் நம்பிக்கையான குமாஸ்தா எனக்குக் கிடைத்ததில்லை, இவன் போய்விட்டால் கை ஒடிந்த மாதிரி என்று. படித்ததும் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷரை விட்டு எங்கும் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

அப்புறம்தான் சுருக்கென்றது. ராணிப்பேட்டையில் ஒரு மண்டிக்காரர் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். வருகிறேன் என்று அவருக்குப் பதில் எழுதிப் பார்த்து, அந்தத் தாளை நான் அதே கூடையில் போட்டது, இந்தக் கடிதம் வந்ததற்கு முந்தின நாள்தான்.