நாற்காலியில் கிடந்த துண்டு

நாற்காலியில் ஆள் இல்லை, துண்டு மட்டும் கிடந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதே பழக்கத்தை எங்கள் நூலகத்துக்குள்ளும் கொண்டு வந்துவிட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் நான் நூலகர். அங்கே ஓர் இங்கிலீஷ் டைப்ரைட்டர் இருந்தது. நூலகக் கமிட்டித் தலைவருடைய தகப்பனார், அவர் பேச்சில் அப்பச்சி, ஊருக்கென்று வாங்கிக் கொடுத்தது. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆளுக்கு அரை மணி நேரம், வந்த வரிசைப்படி. கரும்பலகையில் எழுதி வைத்தவள் நான்தான்.

தலைவரின் கணக்கப்பிள்ளை கதவு திறந்ததும் வந்து மெஷின் நாற்காலியில் துண்டைப் போடுவார். சாயங்காலம்தான் திரும்பி வந்து, தலைவருடைய கோர்ட்டு விவகாரக் கடிதங்களை அடிப்பார். அதுவரை மெஷின் சும்மா கிடக்கும். அது பெரிய வீட்டுத் துண்டு என்று யாரும் தொடமாட்டார்கள். நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "அய்யாகிட்டச் சொல்லுங்கம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் பாண்டியம்மாள் வந்தாள். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண், டைப்பிங் பாஸ் செய்தவள். சர்க்கார் ஆபீஸ் வேலைக்கு மனு அடித்து அன்றைய தபாலில் சேர்த்தாக வேண்டும். முந்தின நாளும் வந்து, துண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவள். அன்றும் வாசலோடு திரும்பப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டை எடுத்து, குடை மாட்டும் ஆணியில் மாட்டினேன்.

"உக்காரு."

மெஷின் சத்தம் கேட்டு இன்னும் ஒருவர் அடிக்க வந்து பெஞ்சில் காத்திருந்தார். பாண்டியம்மாள் பாதி அடித்திருப்பாள், சேதி போய்த் தலைவரே கணக்கப்பிள்ளையுடன் வந்து நின்றார்.

"ஏம்மா, துண்டை யாரு எடுத்தது?"

"நான்தான் அய்யா. நீங்க சாயங்காலம் ஆளனுப்புறீக. துண்டு காலையிலயே வந்துருது. அதுக்கு டைப்படிக்கத் தெரியாதுல்ல?"

பாண்டியம்மாளின் கை நின்றுவிட்டது. "நீ அடி தாயி" என்றேன்.

"இது எங்க அப்பச்சி வாங்கிக் குடுத்த மெஷினு."

"வாங்கிக் குடுத்துட்டாகல்ல? அப்ப இது லைப்ரரி மெஷினு."

"நாளையிலருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

"அதைக் கமிட்டி கூடிச் சொல்லட்டும். இப்ப ஒங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்காக. இங்குட்டு பெஞ்சில உக்காருங்க."

அவர் உட்காரவில்லை, போய்விட்டார். பாண்டியம்மாள் அடித்து முடித்துத் தபாலாபீசுக்கு ஓடினாள். தபால் கட்டு கட்டுவதற்குள் சேர்த்துவிட்டாள்.

மறுநாள் சோற்று டப்பாவோடு வேலைக்குப் போனேன். கணக்கப்பிள்ளை வேறொரு துண்டோடு வந்து நாற்காலியை நெருங்கினார். நான் எழுந்திருக்கும் முன்பே, தினமும் பேப்பர் படிக்க வரும் விவசாயி ஒருவர், பேப்பரை இறக்காமலே சொன்னார்: "துண்டை ஆணியில மாட்டுங்க பிள்ளை. அடிக்கிறதுன்னா ஆளு உக்காருங்க." அவர் அதுவரை நூலகத்தில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. கணக்கப்பிள்ளை உட்கார்ந்தார். அரை மணியில் எழுந்தும் விட்டார்.

கமிட்டி கூடியது. என்னை நீக்கவில்லை. நியாயம் பார்த்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

பாண்டியம்மாளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த மனுவையும் அங்கேயே வந்து அடித்தாள். இந்த முறை வாசலில் தயங்கவில்லை. கணக்கப்பிள்ளை பெஞ்சில் காத்திருந்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பலகையில் விதியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுந்து போய் அந்தத் துண்டை எடுக்க ஓர் ஆள் வேண்டும். போன மாதம் காரைக்குடியில் ஒரு நூலகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் நாற்காலியில் ஒரு பை உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் அங்கே நூலகர் இல்லைதான். இருந்தாலும் பையை எடுத்துக் கீழே வைத்தேன்.