டாக்டரிடம் மறைத்த காளை

என் கணவருக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியை ஒழித்துக்கட்ட லேசர் சிகிச்சைதான் வழி என்று ஆவுடையார்கோவிலிலிருந்து திருச்சிக்குப் போனோம். டாக்டர் இரண்டு முறைகளை விளக்கினார். லாசிக்கில் கருவிழியின் மேல் மெல்லிய மூடிபோல் வெட்டித் திறந்து, லேசர் வைத்து மூடிவிடுவார்கள். இரண்டு நாளில் இவர் தன் கடையைத் திறந்துவிடலாம். பி.ஆர்.கே.யில் மூடியே கிடையாது. மேல்தோலை நீக்குவதால் சில நாள் எரியும்.

"லாசிக்கே போதுங்க" என்றார் இவர்.

"முகத்துல அடிபடுற வேலை ஏதும் உண்டா?" என்று கேட்டார் டாக்டர்.

"மளிகைக்கடைதாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், இவரு ஜல்லிக்கட்டுக் காளை வளக்குறாருங்க. அது தலையை ஆட்டி ஆட்டியே மூணு கண்ணாடி ஒடைஞ்சிருச்சு. இங்க வந்ததே அதனாலதான்!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லவேளை சொன்னீங்கம்மா. முட்டுப்பட்டா அந்த மூடி நகந்துரும்."

பி.ஆர்.கே. முடிவானது. கண்ணீர் வடித்த ஐந்து நாளும் இவர் என்னோடு பேசவில்லை.

கண் தெளிந்ததும் நேரே தொழுவத்துக்குப் போனார். கண்ணாடி இல்லாத முகத்தை யாரோ என்று நினைத்துக் காளை முட்ட வந்துவிட்டது. வைக்கோற்போரில் ஏறித் தப்பினார்.

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடமும் அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். இவரும் திருந்திவிட்டார். பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கி, காளைக்குத் தீவனம் வைக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறார்.