வடக்கு அணியில் நான்

நாற்பத்தேழு வயதில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போவதில் ஒரு வசதி உண்டு. இன்றைக்கு என்ன சமையல் என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். ரொறன்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருடம் ஆட்களைத் தூக்கி இருத்திக் குளிப்பாட்டி என் இடுப்பு விட்டுப்போன பிறகுதான் நர்சிங் படிக்கும் ஆசை வந்தது. கல்லூரியில் என் ஊர்ச் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கத்தைய உயர்தரப் பாடங்கள் சில வேண்டும் என்றார்கள். எனக்குத் தோதான நேரத்தில் மிஞ்சியிருந்தது அமெரிக்க வரலாறு. நர்சுக்கும் அமெரிக்க வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கணவர் கேட்டார். ஊசி போடும்போது கதை சொல்லலாம் என்றேன்.

வகுப்பில் இருபது பேர், எல்லாரும் வளர்ந்தவர்கள். தமிழர் என்று நானும் இன்னொருத்தியும்தான். என்னைவிடப் பத்து வயது இளையவள். டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில், வேறொரு குடும்பத்தின் அபார்ட்மெண்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஆறு வயது மகளோடு இருந்தாள். கணவர் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அஜின்கோர்ட்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் போகும்போது நான் அவளை ஏற்றிக்கொண்டு போவேன். மூன்றாம் வாரமே இருவரும் சிரித்துப் பேசித் தொண்டை கட்டும் நிலைக்கு வந்துவிட்டோம். இந்த ஊரில் எனக்குச் சொந்தக்காரர் ஏராளம். சிநேகிதி என்று சொல்ல அவள் ஒருத்திதான் கிடைத்தாள்.

முதல் நாளே ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மூதாதையர் கரீபியன் தீவொன்றில் கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களாம். உங்கள் உங்கள் நாட்டில் அடிமைமுறை இருந்ததா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை என்று சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் கொப்பியில் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். தன் முறை வந்தபோது, எனக்குச் சரியாகத் தெரியாது மிஸ் என்றாள். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் காலத்தில் காணிக்கு எழுதுவதுபோல ஆளுக்கும் உறுதி எழுதி விற்றார்கள் என்பதும், எங்கள் பழைய வழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது என்பதும் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் இல்லை என்றேன். வெள்ளைக்காரனுடைய குற்றத்தைப் படிக்க வந்த இடத்தில் எங்கள் வீட்டு அழுக்கை ஏன் விரிக்க வேண்டும் என்ற எண்ணம்.

ஒக்டோபர் நடுவில் அவள் முகம் வாடிப்போய் காரில் ஏறினாள். அறையை விடச் சொல்லிவிட்டார்களாம், அந்த வீட்டு மகனுக்குக் கலியாணம். எங்கள் வீட்டின் கீழ்த்தளம், பேஸ்மென்ட், அப்போது வெறுமையாகக் கிடந்தது. ஓர் அறை, குசினி, குளியலறை, பக்கத்தால் போக ஒரு கதவு.

"நீர் ஏன் யோசிக்கிறீர்? எங்கட பேஸ்மென்ட் சும்மாதானே கிடக்கு. வாரும்," என்றேன்.

"என்னக்கா, உண்மையாவோ?" என்று என் கையைப் பிடித்தாள். நான் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போகப் பார்த்தேன், குறுக்கே வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

அடுத்த நாள் மகளையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தாள். சின்னவள் பேஸ்மென்ட் முழுக்க ஓடித் திரிந்து, தன் கட்டில் ஜன்னலுக்குக் கீழே என்று இடம் பிடித்துவிட்டாள். மேலே வந்து இருந்தார்கள். தேத்தண்ணி ஊற்றினேன். கணவர் நல்லமுறையில்தான் பேச்சைத் தொடங்கினார்.

"ஊரிலை எவடம், தங்கச்சி?"

அவள் ஊரைச் சொன்னாள். அவருடைய ஊருக்குப் பக்கத்து ஊர். அவர் முகம் மலர்ந்தது.

"அட, எங்கட பக்கம்! கோயிலடியோ, குளத்தடியோ?"

"குளத்தடி, அண்ணை. குளத்துக்கு அங்கால் பக்கம்."

"ஆ… ஓம், ஓம்," என்றார் அவர். பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியைக் கேட்க நாங்கள் கண்டுபிடித்த வழி இது. எவடம், எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை. மூன்று கேள்விக்குள் ஆளை எடைபோட்டு முடித்துவிடுவோம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, பனிக்குள் நின்றுகொண்டும் அதே மூன்று கேள்விதான். குளத்துக்கு அங்கால் பக்கத்தார் என் கணவருடைய பாட்டன் காலத்தில் அந்த வீட்டு முற்றத்துக்குமேல் வந்ததில்லை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் அவள் வேறோர் இடத்தைச் சொல்லவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

அவர்கள் போன பிறகு, "என்ன சொல்லுறியள்?" என்று கணவரைக் கேட்டேன்.

"உன்ர விருப்பம்," என்றார்.

அவர் தடுத்தார் என்று எழுதினால் எனக்கு எவ்வளவு சுகமாக இருக்கும். அவர் தடுக்கவில்லை. என் விருப்பம் என்றுதான் சொன்னார். இரண்டு நாள் நான் யோசித்தேன். துணி தோய்க்கும் இயந்திரம் கீழே இருக்கிறது. கோடையில் எங்கள் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு வருகிறது, சொந்தக்காரர் வீடு நிறைய வந்து இறங்குவார்கள். கீழே ஆர் இருக்கினம் என்று ஒரு பெரியம்மா கேட்பா, கேட்காமல் விடமாட்டா. அந்த ஒரு கேள்விக்கு, அந்த ஒரு முகச்சுளிப்புக்கு நான் பயந்தேன். நான் சாதி பார்க்கிறதில்லை என்று எத்தனை கலியாண வீட்டு மேசையில் சொல்லியிருப்பேன்! சொல்லுவதற்குக் காசா பணமா.

அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"தங்கச்சி, குறை நினைக்காதையும். எங்கட அண்ணை குடும்பம் இந்தியாவிலை இருந்து வருகினமாம். அவைக்கு பேஸ்மென்டை குடுக்க வேண்டியதாப் போச்சு."

"ஐயோ அக்கா, அது நல்ல விசயம்தானே. நீங்கள் யோசிக்காதேங்கோ, நான் வேற இடம் பாக்கிறன்," என்றாள்.

அவள் என்னைத் தேற்றினாள். என் அண்ணன் திருச்சியில் நிம்மதியாக இருக்கிறார். கனடாவுக்கு வரும் நினைவே அவருக்கு இல்லை.

வகுப்பில் அப்போது அமெரிக்க உள்நாட்டுப் போரை நெருங்கிக்கொண்டிருந்தோம். ஒரு நாடு எப்படித் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்தது என்பதுதான் பாடம். மேற்கே புதிது புதிதாகச் சேர்ந்த நிலங்களில் அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்பதில் சண்டை தொடங்குகிறது. முதலில் வரைபடத்தில் ஒரு கோட்டைக் கீறி, இதற்கு வடக்கே கூடாது, தெற்கே இருக்கலாம் என்று சமாளிக்கிறார்கள். சில பத்தாண்டுகள் அந்தக் கோடு தாங்குகிறது. பிறகு அதை அழித்துவிட்டு, அங்கே குடியேறுகிறவர்களுடைய விருப்பம், அவர்களே வாக்குப் போட்டுத் தீர்மானிக்கட்டும் என்று கையைக் கழுவுகிறார்கள். உடனே இரண்டு பக்கத்தாரும் துவக்கோடு அங்கே ஓடுகிறார்கள். பெரும்போருக்கு முன்னமே கான்சாஸில் இரத்தம் ஓடுகிறது. 'அவர்களுடைய விருப்பம்' என்று ஆசிரியை சொன்ன இடத்தில் குறிப்பெடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

இன்னொரு சட்டம். தெற்கிலிருந்து தப்பி ஓடிவரும் அடிமையைப் பிடித்துக்கொடுக்க வடக்கில் உள்ளவனும் உதவ வேண்டும். மறைத்து வைத்தால் தண்டனை. அடிமைமுறை பிழை என்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தலையாட்டிய எத்தனையோ பேர், திங்கட்கிழமை வாசலில் நின்றவனைக் காட்டிக்கொடுத்தார்களாம். பிடிபடாதவர்களில் சிலர் எல்லை தாண்டி இந்த ரொறன்ரோவரைக்கும் வந்து இங்கே குடியிருந்திருக்கிறார்கள். கடைசியில் அடிமைமுறை மேலும் பரவக் கூடாது என்று சொன்ன ஒருவர் ஜனாதிபதியாகத் தெரிவானதும், தென்மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிகின்றன. ஓர் இராணுவக் கோட்டைமீது குண்டு விழுகிறது, போர் தொடங்குகிறது. பிரிந்தபோது அவர்கள் எழுதிய அறிக்கைகள் சிலவற்றை ஆசிரியை காட்டினார். அடிமைகளை வைத்திருக்கத்தான் பிரிகிறோம் என்று அவர்களே கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். மாநில உரிமைக்காகத்தான் போர் என்று பேசத் தொடங்கியதெல்லாம் தோற்ற பிறகு.

பாடத்தின் முடிவில் வடக்கா தெற்கா என்று விவாதம். ஆசிரியை துண்டுச்சீட்டுப் போட்டு ஆளைப் பிரித்தார். எனக்கு வடக்கு வந்தது. அவளுக்குத் தெற்கு.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. அவள்தான் முதலில் பேசினாள். அவளுடைய ஆங்கிலம் தட்டித் தடவிப் போகும், அன்றைக்கு அவ்வளவு தட்டவில்லை. நாங்கள் கெட்டவர்கள் இல்லை என்று தொடங்கினாள். அவர்களை நாங்கள் அடிப்பதில்லை. பெருநாளுக்கு உடுப்புக் கொடுக்கிறோம். வருத்தம் என்றால் மருந்து வாங்கிக் கொடுக்கிறோம். எங்கள் பிள்ளைகளை அவர்கள்தான் தூக்கி வளர்த்தார்கள், எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரி. இது எங்கள் பாட்டன் காலத்து வழக்கம். எங்கள் வீட்டுக்குள் யார் வரலாம், எந்தக் கதவால் வரலாம் என்பது எங்கள் உரிமை. வெளியே இருக்கிற உங்களுக்கு இது விளங்காது.

இதில் ஒரு வரியும் புத்தகத்தில் பார்த்து எழுதியதுபோல இருக்கவில்லை. என் அப்பா பேசியது, மாமனார் பேசியது, நானே தலையாட்டிக் கேட்டது.

பிறகு என் முறை. நான் நன்றாகப் பேசினேன், அதுதான் கொடுமை. மனிதனை மனிதன் சொந்தமாக்க முடியாது, வழக்கம் என்ற பெயரில் செய்கிற பாவமும் பாவம்தான் என்று மேசையில் தட்டிப் பேசினேன். குரல்கூட இரண்டு இடத்தில் தழுதழுத்தது. முடிந்ததும் எதிரணி ஒரு கேள்வி கேட்கலாம். அவள் எழுந்தாள்.

"தப்பி வந்த ஒருத்தி பிள்ளையோடு உங்கள் வாசலில் நிற்கிறாள். உள்ளே விட்டால் உங்களுக்குக் கரைச்சல். நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது. "கதவைத் திறப்பேன். என் வீட்டில் இரு என்று சொல்லுவேன்," என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஜமெய்க்கா அம்மா எழுந்து நின்றே தட்டினார். "தேங்க் யூ," என்று சொல்லிவிட்டு அவள் அமர்ந்தாள். வடக்கு அணி வென்றது என்று ஆசிரியை அறிவித்தார். அவ்வளவு கைதட்டலை நான் என் கலியாணத்திலும் கேட்டதில்லை. நிலம் பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

வழமைபோல அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடினேன். அந்த வீட்டுக் கலியாணம் வரைக்கும் என்று அவள் இன்னும் தங்கியிருந்த கட்டடத்துக்குக் கீழே காரை நிறுத்தினேன். அவள் இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு, இறங்காமல் இருந்தாள்.

"அண்ணை ஆக்கள் வந்திட்டினமோ, அக்கா?" என்றாள்.

இதைவிட நல்ல இடம் கிடைக்குமா. இல்லை என்ற ஒரு சொல் போதும்.

"ஓம், போன கிழமை வந்திட்டினம்," என்றேன். அத்தோடு நிற்காமல், "சின்னதுக்குக் குளிர் ஒத்துவரேல்லை. ஒரே இருமல்," என்றும் சேர்த்தேன். இல்லாத பிள்ளைக்கு இருமலும் வர வைத்தேன்.

அவள் புத்தகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தமிழ்க் கடைப் பலகையிலை உங்கட நம்பரைக் கண்டன், அக்கா," என்றாள்.

ஒன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன், எழுதக் கை வரவில்லை. அவளுக்கு ஃபோன் எடுத்துப் பொய் சொன்ன மூன்றாம் நாளே, பேஸ்மென்ட் வாடகைக்கு என்று அந்தப் பலகையில் விளம்பரம் ஒட்டியிருந்தேன். என் கையெழுத்தில், அழகாகக் கீழே கோடும் போட்டு.

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் நான் சண்டையாவது பிடித்திருப்பேன்.

"சின்னக் குடும்பம் விரும்பத்தக்கது எண்டு போட்டிருந்தியள்," என்றாள். "நாங்கள் ரெண்டு பேர்தானே, அக்கா."