ஹாம் என்ற ஊர் எங்கள் வீட்டுக்கு வந்தது

மனிதர்மேல் பொறாமை வரும். எனக்கு ஒரு ஊர்மேல் வந்தது. ஜெர்மனியில் இருக்கும் ஹாம் என்ற அந்த ஊரை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. கல்யாணம் முடித்து என் தங்கை அங்கே போனாள், நான் சிட்னிக்கு வந்தேன். போன வருடம் அவள் மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டில் ஒரு மாதம் வந்து நின்றாள். ஊரையும் கூடவே கொண்டுவந்துவிட்டாள்.

காலையில் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றும்போதே தொடங்கிவிடும். ஆதியில் அது ஆற்றங்கரையில் ஒரு பிரபு எழுப்பிய ஊராம். பிறகு ரயில் வந்ததாம், நிலக்கரி வந்ததாம். ரயில்கள் கூடும் இடம் என்பதால் யுத்தத்தில் குண்டு போட்டு நொறுக்கினார்களாம். அவள் புருசன் வேலை செய்த சுரங்கமும் மூடியாயிற்று. ஆனாலும் அந்தச் சனம் எதையும் லேசில் எறியாதாம். நிலக்கரி கழுவிய பழைய கட்டிடம் ஒன்றைக் கண்ணாடி யானை ஆக்கி, அதன் தலைக்குள் ஆட்களை ஏற்றி ஊரைக் காட்டுகிறார்களாம். ஊரின் ஒரு பக்கம் எங்கள் அம்மன் கோயில். தேருக்கு ஐரோப்பாவில் உள்ள தமிழ்ச்சனம் முழுக்க அங்கேதானாம்.

இங்கே எங்கள் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு என்ன குறை என்று கேட்க வாய் உன்னியது. ஆனால் மகள் கன்னத்தில் கைவைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயமே அங்கேதான். மகளுக்கு மேல்படிப்புக்கு அந்த ஊருக்குக் கிட்ட ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. சித்தி வீட்டில் நின்று படிக்கலாம். தங்கைக்கு இரண்டும் பெடியன்கள், பெண்பிள்ளை இல்லை என்ற குறை அவளுக்கு எப்போதும் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் படிப்பைப் பற்றி என்ன சொல்வது? குளிர், பாஷை, நெஞ்சுச்சளி, தவறவிட்ட ரயில் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் நினைத்து நினைத்துப் பயந்தேன். என்னிடம் இந்த மெரிலேண்ட்ஸைப் பற்றி மகள் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்ன இருந்தது? பக்கத்தில் லிட்கமில் வேலை, பிறகு வீடு, இடையில் ரயில் ஜன்னல்.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாதாம். வந்த முதல் ஞாயிறே, புல் வெட்டப் போன என் கணவரைத் தங்கை ஓடிப்போய் மறித்தாள்.

"அத்தான், இண்டைக்கு ஞாயிறு!"

"ஓம், அதுக்குத்தானே லீவு. மற்ற நாளில ஆர் வெட்டுறது?"

"அப்பா, சித்தி சொல்றது கரெக்ட். லெட் இட் பீ," என்றாள் மகள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிறுகளில் மிக்ஸி இல்லை, வாக்யூம் இல்லை. சம்பலுக்குக்கூடச் சனிக்கிழமையே அரைத்து வைத்தேன்.

தங்கை புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, போவதா இல்லையா என்று சொல்வதாக மகள் சொல்லியிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் பின்னால் இருந்தோம். மகள் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள். முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவள் வாயைத் திறக்குமுன் எழும்பிப் போய்ப் புல்வெட்டும் மெஷினின் கயிற்றை இழுத்தேன். அது நான் தொட்டுப் பழகாத சாமான். நல்ல காலம், உடனே இரைந்தது. கணவர் முந்தின நாள்தான் வெட்டியிருந்தார், வெட்டப் புல்லே இல்லை. வெறும் தரையில் தள்ளிக்கொண்டு போனேன்.

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா! எங்கட ஊர் எண்டால் இப்ப பொலிஸ் வந்திருக்கும்!"

"வரட்டும்! இது என்ர ஊர்!"

அப்படிச் சொன்னது அதுதான் முதல்தரம். கைபிடியை விட்டேன், மெஷின் நின்றது.

"அம்மா, நான் போகப் போறன்," என்றாள் மகள். "ரெண்டு வருஷம்தான்."

தங்கை என் தோளைப் பிடித்தாள். "பயப்பிடாதை அக்கா. என்ர பிள்ளை மாதிரிப் பாப்பன்."

"உன்ர பிள்ளை மாதிரிப் பாக்க வேண்டாம். அக்காவின்ர பிள்ளையாப் பார். அது காணும்."

அவள் சிரிப்பு நின்றது. மகளை ஒருதரம் பார்த்தாள், பிறகு என்னை.

"ஓம் அக்கா," என்றாள்.

அந்த ஓம் எனக்குப் போதவில்லை. ஆனாலும் அதற்கு மேல் என்னவென்று கேட்பது?