ரேஷன் கார்டில் விழுந்த முத்திரை

அக்காவின் கையை முறித்த மாமாவை ஜெயிலிலிருந்து வெளியே எடுத்தவன் நான்தான். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஒரு டீ, இரண்டு மசால்வடை. அவ்வளவுதான் என் விலை.

கொரட்டூரிலிருந்து அக்கா மாவுக்கட்டோடு என் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். புகாரும் அவளே போய்க் கொடுத்தாள். ஸ்டேஷனில், "ஏம்மா, ஊட்ல ஆம்பளயே இல்லியா?" என்று கேட்டார்களாம். "தம்பி ஒருத்தன் கீறான். கணக்குல சேக்காதீங்க" என்றாளாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

மாமா பூந்தமல்லிச் சிறைக்குப் போன மூன்றாம் வாரம், அவருடைய அண்ணன் ஃபேக்டரி கேட்டில் என்னைப் பிடித்தார்.

"மச்சான், நீ கவர்மெண்டு உத்தியோகம். பொண்ணோட தம்பியே ஜாமீன் நின்னா ஜட்ஜு மறுபேச்சு பேசுவாரா? உன் மூஞ்சி ஒண்ணு போதும்பா!"

அந்த மூஞ்சியைப் பார்த்து எங்கள் ஃபோர்மேன் அரை நாள் லீவுகூடக் கொடுத்ததில்லை. ஆனாலும் வடை உள்ளே போகப் போக எனக்கு நெஞ்சு விரிந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் கோர்ட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். நான் ஜாமீன் நின்றதற்கு அடையாளமாக என் ரேஷன் கார்டில் ஊதா மையில் முத்திரை குத்தினார்கள். வெளியே வந்த மாமா நன்றி சொல்வார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னாடா, இவ்ளோ லேட்டு?" என்றார்.

மறுநாளிலிருந்து எங்கள் தெருமுனை டீக்கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு எங்கள் வாசலையே முறைத்தார். அக்கா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "இந்தாளை எவன்டா வெளிய வுட்டான்?" என்று கேட்டாள். தெரியாது என்று சாமி படத்தின் முன்னால் சத்தியம் செய்தேன். கார்டை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மண்ணெண்ணெய் தீர்ந்தால் அந்தக் கார்டைத்தான் தேடுவாள் என்பது, கவர்மெண்டு உத்தியோகம் பார்க்கும் இந்த மண்டைக்கு எட்டவில்லை.

சனிக்கிழமை மண்ணெண்ணெய் தீர்ந்தது. மாமா டீக்கடைக்கு வருவதற்கு முன்பே, விடியற்காலையிலேயே அக்கா கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் போய் நின்றாள். கடைக்காரர் கார்டைத் தூக்கிப் பிடித்து, "இன்னாம்மா, கோர்ட்டு சீலு கீது? யாருக்கு ஜாமீன் நின்னீங்க?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கிறார்.

காலி கேனோடு திரும்பியவள் கார்டை என் சாப்பாட்டுத் தட்டில் போட்டாள்.

"குடும்பம்னு ஒண்ணு கீதுல்லக்கா... நல்லது நெனச்சுதான்..." என்று இழுத்தேன்.

"கையெழுத்து போட்டவன் நீதான? நீயே போயி அந்தாளோட குடும்பம் நடத்து."