குப்பன் என்று பெயர் வைத்தவள் நான்

எதிர்வீட்டுத் தையல்நாயகிக்கு முதல் மூன்று ஆண் பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டு தொட்டிலிலேயே போயின. மூன்றாவது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேரவே இல்லை.

நான்காவதும் ஆண். பதினொன்றாம் நாள் விடிந்ததும் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்தினாள். சொல்லிவைத்தபடி நான் எடுத்துவந்து ஒரு படி தவிட்டுக்கு அவளிடமே விற்றேன். வேண்டாமென்று வீசிய பிள்ளையை எமன் தேடி வரமாட்டான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். விற்றவள்தான் பெயர் வைக்க வேண்டும். குப்பன் என்றேன்.

புருஷன் விட்டுப் போனபின் படப்பைப் பக்கம் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டி அவனை வளர்த்தாள். வேன் ஏறுமுன், தூங்குகிறவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். மீசை முளைத்த பிறகும் அப்படித்தான்.

எங்கள் பெருங்களத்தூரில் இப்போது குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. பாட்டுக் கேட்டால் வகுப்பில் ஒருவன் கத்துவானாம்: "மச்சான், உங்கப்பா வந்துகினு கீறாரு பார்றா!" ப்ளஸ் டூ பாதியில் குப்பன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். கெசட்டில் பெயரை மாற்றினால்தான் பரீட்சை எழுதுவேன் என்றான். பதினெட்டு ஆகவில்லை, அம்மா கையெழுத்து வேண்டும்.

"அத்தை, நீங்க வச்ச பேரு. நீங்க சொன்னா அம்மா கேக்கும்," என்று என்னிடம் வந்தான்.

அவனோடு போய் வாசற்படியில் நின்றேன். "கையெழுத்து போட்டுக் குடுத்துடேன்க்கா. புள்ள படிக்கட்டும்."

"பரிச்ச போனாப் போவுது. பேர மாத்துனா எமன் கண்டுபுடிச்சிடுவான்," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உனுக்கு இன்னா தெரியும்? நீ எதப் பொதச்ச?"



அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்த மூணு பேரும் குடுத்து வச்சவங்கம்மா."

அவள் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அவன் ஜீவானந்தம். பரீட்சையும் எழுதிவிட்டான். தையல்நாயகி அந்தப் பெயரையும் சொல்வதில்லை, பழையதையும் சொல்வதில்லை. "சோறு வச்சிருக்கேன்," "கதவச் சாத்து," அவ்வளவுதான். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இன்னான்னு கூப்புடறது? எதச் சொன்னாலும் அவன் காதுல வுழும்," என்றாள். மகனைச் சொல்லவில்லை.