வண்டிப் பாதை

பாவாடை கரி வியாபாரி. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேற்கே ஒரு பண்ணைக் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடத் தொடங்கியபோது, எங்கள் பக்கத்தில் முந்திக்கொண்டு கரிமூட்டம் போட்டவர் அவர்தான். வேலமரத்தை வெட்டிக் கரியாக்கி அரியலூர் பஸ்காரர்களுக்கு வண்டி வண்டியாக அனுப்பினார். அதுவரை அவரை ‘டேய்’ போட்டவர்கள், கரி வேண்டும்போது மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மகா பெரிய மரியாதைதான்.

வந்த காசை அவர் நிலமாக்க நினைத்தார். மிராசுதார் சிங்காரவேலு தன் வயலுக்குப் பின்னால் கிடந்த செம்மண் மேட்டை மகள் கல்யாணச் செலவுக்காகப் பாவாடைக்கு விற்றார். உருப்படாத மண், யார் தலையிலாவது கட்டினால் போதும் என்றிருந்தார். ஆனால் பத்திரம் முடிந்ததும் முகம் மாறிவிட்டது. தன்னிடம் கூலிக்கு நின்றவர் பக்கத்து நிலக்காரர் ஆனதை அவரால் பொறுக்க முடியவில்லை. மேட்டுக்கு வேறு வழி கிடையாது. தன் வயலில் பாவாடையின் வண்டி இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வண்டி போகாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்றுத் தொலைக்கச் சொல்லி மனைவி கொளஞ்சியம்மாள் அழுதாள். பாவாடை அசையவில்லை. அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் யார் வண்டியும் யார் வயலிலும் போகலாம் என்பது ஊர் வழக்கம். அந்த மாதங்களில் காய்ப்பது எது என்று யோசித்தார். முந்திரி. மேடு முழுக்கக் கொட்டை ஊன்றினார். கொளஞ்சியம்மாள் திட்டிக்கொண்டே குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள்.

யுத்தம் முடிந்தது, கரி வியாபாரம் படுத்தது, ஊர் சிரித்தது. நாலாவது வருஷம் பங்குனியில் மேடு காய்த்துக் குலுங்கியது. சிங்காரவேலுவின் வெறும் வயல் வழியாகவே வண்டிகள் சந்தைக்குப் போயின. வழக்கத்தை மறுக்க அவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் சந்தோஷம்தான்.

பிறகு மழை பொய்த்தது. நெல் கருகிப்போன சிங்காரவேலு ஒருநாள் மேடேறி வந்து விதைக்கொட்டை கேட்டார். வயல் முழுவதும் முந்திரி போடப்போவதாகச் சொன்னார். மரம் நின்றுவிட்டால் வயல் எந்த மாதமும் வெறுமையாகக் கிடக்காது, பாதை ஒரேயடியாக அடைபடும். கொடுக்காதே என்று கொளஞ்சியம்மாள் கண்ணைக் காட்டினாள்.

“கொட்டை சும்மாவே தரேங்க. நானே வந்து ஊனியும் தரேன்,” என்றார் பாவாடை. “ஆனா ஒரு வண்டி அகலம் வுட்டுத்தான் ஊனுவேன்.”

சிங்காரவேலு கொட்டை வாங்கத் துண்டை விரித்தார்.

“ரெண்டு வண்டி அகலம் வுட்டுடுப்பா. எதிர்க்க வந்தா ஒதுங்கணும்ல,” என்றார்.